பொடிச்சங்கு இல்லாத கூடை

பாஸ்கலுக்கு இடது காது கேட்காது. பத்தொன்பது வயதில், எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் சங்கு எடுக்கும்போது செவிப்பறை கிழிந்தது. அதிலிருந்து அவன் சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வருவதுபோல இருக்கும். சர்க்காரின் சங்குக் கிடங்கான கிட்டங்கியில் அவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர்.

திரேஸ்புரத்துக்காரன். 1974இல் அவன் சங்கு குளிக்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகியிருந்தது. எடுத்த சங்கையெல்லாம் கிட்டங்கியில்தான் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு மரப்பலகை, அதில் ரெண்டேகால் அங்குலத் துளை. துளைக்குள் விழுந்தால் பொடிச்சங்கு. அதற்குக் கூலி இல்லை. உயிரோடு கடலில் விட வேண்டும் என்பது விதி.

விதி காகிதத்தில் இருந்தது. பொடிச்சங்கு கிட்டங்கி முற்றத்தில் வெயிலில் கிடந்தது. சாயங்காலம் ஒரு பியூன் அள்ளிப்போய்த் துறைமுகப் பாலத்தடியில் கடலில் கொட்டுவான். அங்கே கப்பல் எண்ணெய் கலந்த கருஞ்சேறு. சங்கு தின்பது புழுவை. புழு இருப்பது ஆழத்தில், பூச்சி மணலில். இது குளிக்கிறவன் எவனுக்கும் தெரியும். அவனை யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் பாஸ்கல் பாலத்தடியில் முங்கிப் பார்த்தான். நூற்றுக்கணக்கில் கிடந்தன, எல்லாம் செத்து. அவன் கையால் எடுத்தவையும் அதில் இருந்திருக்கும்.

கிட்டங்கித் துளையைக் கயிற்றில் அளந்துவந்து, பூவரசம் பலகையில் அதே அளவுக்குத் துளை போட்டான். பலகை வள்ளத்தில் ஏறியது. மேலே வந்ததும் அளப்பான். பொடியை எடுத்த இடத்திலேயே விடுவான்.

பக்கத்து வள்ளத்தில் காயல்பட்டினத்து மக்தூம். பாஸ்கலைவிட மூத்தவர், அவனுக்குக் காக்கா, அண்ணன் மாதிரி.

"என்ன வாப்பா, கடல்ல ரேஷன் கடை போட்டிருக்கியா? அளந்து அளந்து போடுதே?"

"சிரிங்க காக்கா. நான் போடுதது நாளைக்கு உங்க கைக்குத்தான் வரும்."

மூன்று வாரம் கழித்துக் கிட்டங்கி இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் அவனைக் கூப்பிட்டார். மற்றவர்கள் கூடையில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பொடி வருகிறது. இவன் கூடையில் ஒன்றுகூட இல்லை.

"பொடியெல்லாம் எந்த யாவாரிக்குப் போகுது?"

"கடல்ல கிடக்கு சார். எடுத்த எடத்துலயே விட்டுட்டேன்."

"எது சின்னது எது பெரிசுன்னு நீ யாருல முடிவு பண்ண? அது எங்க வேலை."

"அப்போ இங்க கொண்டாந்து, உங்க கண்ணு முன்னாலதான் அது சாகணுமா?"

கிட்டங்கியே திரும்பிப் பார்த்தது.

"சத்தம் போடாதல."

"இதுதான் சார் என் சத்தம்."

பலகையைப் பிடுங்கி 'அனுமதியற்ற அளவுக்கருவி' என்று எழுதிக்கொண்டார்கள். அவன் சங்கு குளிக்கும் பெர்மிட்டு மேசை டிராயருக்குள் போனது. பொடிச்சங்கை மறைத்து விற்றேன் என்று கையெழுத்துப் போட்டால் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் அவன் இனிக் கடலில் முங்க முடியாது. சீசன் முடிய ரெண்டு மாதம் இருந்தது.

வீட்டில் அவன் பெண்டாட்டி பிளாரன்ஸ் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசினான்.

"ஏளா, போட்டுரட்டுமா?"

அவள் நிமிரவில்லை. "போடுங்க. போட்ட கையால என் சோத்தத் தொடாதீங்க."

நாலு நாள் கரையிலேயே இருந்தான். ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லக் கிட்டங்கிக்குப் போனான். மக்தூம் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பியூன் ஒவ்வொன்றாகத் துளையில் வைத்தான். ஒன்றும் விழவில்லை.

"பொடி எங்க ஓய்?" என்றார் ஆவுடையப்பன்.

"கடல்ல சார்." மக்தூம் மடியிலிருந்து, கண்ணை ரெண்டேகால் அங்குலத்துக்கு அகலமாக அறுத்த ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதையும் எழுதிக்கிடுங்க."

அடுத்த வள்ளத்துக்காரனும் "கடல்ல சார்" என்றான். அவனிடமும் சிரட்டை. அன்றைக்கு வந்த பதினோரு வள்ளத்திலும் பொடி இல்லை. பதினோரு பெர்மிட்டைப் பூட்டிவைத்தால் கிட்டங்கியைத்தான் பூட்ட வேண்டும்.

ஆவுடையப்பன் டிராயரைத் திறந்து பாஸ்கலின் பெர்மிட்டை எறிந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. பாலத்தடியில் செத்ததற்கு எவனும் பதில் சொல்லவில்லை. பூவரசம் பலகையும் திரும்பி வரவில்லை. இன்ஸ்பெக்டர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க அதை வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நாலு சீசன் குளித்தான் பாஸ்கல். கூடையைக் கவிழ்த்த ஒவ்வொரு நாளும், கிளம்பும் முன் மேசைப் பக்கம் திரும்பிச் சொல்வான், அவன் சத்தத்தில்:

"அது என் பலகை சார்."