மேலத்தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகள்

நகர்மன்றக் கூட்டத்தில் யாராவது திடீரென்று நம் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டால் நம்மைக் குற்றம் சாட்டுவதாகத்தான் முதலில் தோன்றும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் நகரமைப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபீசில் டி.பி.ஐ. மேடம் என்பார்கள். வீடு கட்ட பிளான் கொடுத்தால் இடத்தைப் போய்ப் பார்ப்பது, லே-அவுட்டுக்கு ரோடு அகலம் அளப்பது, விதிமீறலுக்கு நோட்டீஸ் கொடுப்பது என் வேலை. கடைசியாகப் பணியாற்றியது புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்குப் பக்கம் ஒரு சின்ன நகராட்சியில். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேள்வி

பைபாஸ் பக்கம் புது நகர்களுக்கு மழைநீர் வாய்க்கால் கட்டுவது அன்றைய கூட்டத்தில் ஒரு பொருள். வாசித்து முடித்து, சம்மதம் என்று மேசையைத் தட்டப் போகும் நேரத்தில் மேலத்தெரு வார்டு கவுன்சிலர் ராமலிங்கம் எழுந்தார். பல வருடம் சவுதியில் இருந்துவிட்டு ஊர் திரும்பி ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்.

"பைபாஸ்ல பாதி இடத்துல இன்னும் வீடே வரல. முள்ளுக்காட்டுக்கு வாய்க்கால் கட்டுறீங்க. ஊரு நடுவுல மேலத்தெரு பூட்டிக் கெடக்கு. அந்த வாய்க்கால் வேலைய ரெண்டு தடவ தள்ளி வச்சிருக்கீங்க. ஏன்னு மன்றத்துக்குச் சொல்லணும்ல?"

"ஆளே இல்லாத தெருங்க அது. ஆளு வர்ற பக்கம்தானே மொதல்ல செய்ய முடியும்?" என்றார் பொறியாளர்.

"சாக்கடை தேங்கி நாறுற தெருவுல ஆளு எப்படிங்க இருப்பாக?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே அந்தத் தெரு வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், அங்க எத்தன வீடு பூட்டிக் கெடக்கு? ஏன் பூட்டிப் போட்டிருக்காக?"

எனக்குத் தெரியவில்லை. பிளான் கொடுத்த வீடு எது என்று எங்கள் ஆபீசில் இருக்கும். அதில் ஆள் குடியிருக்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. "போய்ப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன். அடுத்த கூட்டம் வரை பொருளை ஒத்தி வைத்தார்கள்.

வெளியே வந்ததும் ஆணையர் என்னைக் கூப்பிட்டார். "பாத்ததை மட்டும் எழுதுங்க மேடம். தனியார் வீட்டைத் திற, வாடகைக்கு விடுன்னு சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது."

தெரு

ராமலிங்கமும் நானும் மேலத்தெருவில் வீடு வீடாக நடந்தோம். எல்லாம் மாடி வீடுகள். கிரானைட் படி, எவர்சில்வர் கேட். கேட்டில் பூட்டு. குவைத்திலும் சவுதியிலும் சம்பாதித்துக் கட்டியவை. பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பங்கள் திருச்சிக்குப் போய்விட்டன. ஆள் போனதும் முனையில் இருந்த மளிகைக்கடை போனது, டீக்கடை போனது. வாய்க்காலில் கறுப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது.

தெரு முடியும் இடத்தில் அரசு மருத்துவமனை. வாசலில் ஒரு நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். பெயர் கலைச்செல்வி, தர்மபுரிப் பக்கம்.

"மேடம், இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு ஏதாவது இருக்குமா?"

"இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

"புதுக்கோட்டையில ஹாஸ்டல். நானும், கூட வேலை பாக்குற நர்ஸ் நிஷாவும் தினமும் பஸ்ல வர்றோம். நைட் டியூட்டி முடிஞ்சா பஸ்லயேதான் தூக்கம். கேட்ட எடத்துல எல்லாம் குடும்பமா இருந்தாத்தான் வீடுன்னு சொல்லிட்டாங்க. டிரான்ஸ்பருக்கு எழுதிக் குடுத்திருக்கோம்."

அவர்கள் இரண்டு பேரும் போய்விட்டால் பிரசவ வார்டை இரவில் நடத்த முடியாது, வலி எடுத்தவர்களைப் புதுக்கோட்டைக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று வாசலுக்கு வந்த மருத்துவரும் சொன்னார். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு தெரு நிறைய வீடுகள் காலி. நர்ஸுகளுக்குத் தங்க இடமில்லை.

ராமலிங்கம் நின்ற இடத்திலிருந்தே போனை எடுத்தார். எதிரே இருந்த வீட்டின் சொந்தக்காரர் செல்வராசு, சவுதியில் ஏ.சி. மெக்கானிக். வீடியோ காலில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"வேண்டாண்ணே. வாடகைக்கு விட்டா அப்புறம் காலி பண்ண மாட்டாக. எங்க சித்தப்பா கோர்ட்டுக்கு அலைஞ்சது ஒங்களுக்குத் தெரியாதா? பூட்டியே கெடக்கட்டும்."

"நானும் அங்கிட்டு இருந்தவன்தான்பா. ரூம்ல படுத்துக்கிட்டு வீட்டுப் போட்டோவப் பாத்துக்கிட்டே தூங்குவேன். ஒன் போன்லயும் இருக்கும். அந்தப் போட்டோவுல இருக்குற வீடு இப்ப இல்ல. நீயே பாரு."

கேமராவைத் திருப்பினார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிந்திருந்தது. சன்ஷேடில் அரசஞ்செடி ஒன்று வேர் விட்டிருந்தது.

"இது எப்பண்ணே மொளச்சிச்சு?" என்றார் செல்வராசு. உடனே போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. தூரத்தில் பாடுபடும் மனிதரை வருத்திவிட்டோமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தார். செல்வராசுவின் மனைவி வளர்மதி. திருச்சியிலிருந்து பஸ் ஏறி நேராக வந்திருந்தார்.

"அவுக சாப்புடாமக் கெடக்காக மேடம். வீடு போச்சு, வீடு போச்சுங்கிறாக. அந்தப் பிள்ளைகளுக்கு நான் வீட்டத் தாரேன். முறையா அக்ரிமெண்ட் போட்டுக்கிறேன். நீங்க வாய்க்காலச் சரி பண்ணிக் குடுப்பீகளா?"

"அது மன்றம் முடிவு பண்ணணும்மா. ஒங்க வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?"

"அவுகள நான் பாத்துக்கிறேன். கொத்தனாரோட நின்னு அந்தச் சுவத்துக்குத் தண்ணி ஊத்துனது நானு."

தீர்மானம்

பூட்டிய வீடுகளின் கணக்கையும் காரணத்தையும் எழுதியிருந்த என் அறிக்கையைப் படித்த ஆணையர், நர்ஸுகள் விஷயம் இதில் எதற்கு என்று கேட்டார். "வீடு அவங்களது சார், தெருவும் வாய்க்காலும் நம்மது. நம்ம வேலைய மட்டும்தான் செய்யச் சொல்லி எழுதியிருக்கேன். செஞ்சா என்ன நடக்கும்கிறது மன்றத்துக்குத் தெரியணும்ல?" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் சுலபமாக முடியவில்லை. பைபாஸ் வார்டு கவுன்சிலர் கொதித்தார். "எங்காளுக கடன ஒடன வாங்கி பிளாட் வாங்கியிருக்காக. அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தான். நான் கொண்டுபோயிருந்த வரைபடத்தை விரித்து, பைபாஸில் வீடு எழும்பியிருக்கும் பகுதியைக் காட்டினேன். அந்தப் பகுதிக்கு உடனே கட்டலாம், காலி மனைகளுக்கு வீடு வரவரக் கட்டலாம், மிச்சப்படும் பணத்தில் மேலத்தெரு வாய்க்காலைச் செய்யலாம் என்று பொறியாளரே சொன்னார். அப்படியும் பணம் கொஞ்சம் குறைந்தது. ராமலிங்கம் எழுந்து, "எங்க வார்டுல நுழைவு வளைவு ஒண்ணு கேட்டிருந்தேன். அது வேண்டாம். இதுல சேத்துக்கங்க" என்றார். பைபாஸ் கவுன்சிலர்தான் முதலில் மேசையைத் தட்டினார்.

மேலத்தெருவில் வேலை தொடங்கிய வாரமே மழை. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. இதற்கிடையில் டிரான்ஸ்பர் கவுன்சலிங்குக்கு வரச் சொல்லி நர்ஸுகளுக்குத் தகவல் வந்தது. இனிமேல் என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது வளர்மதி, வாய்க்கால் முடியட்டும் என்று காத்திருக்காமல் வந்துவிட்டார்.

"இத்தன நாளு ஆருமே எட்டிப் பாக்கல. இப்ப ஆளு நின்னு வேல பாக்குறாக. எனக்கு அது போதும் மேடம்" என்று பூட்டைத் திறந்தார்.

பள்ளத்தின் மேல் பொறியாளர் சென்ட்ரிங் பலகையைப் போட்டுக் கொடுத்தார். கலைச்செல்வியும் நிஷாவும் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் நடந்து உள்ளே போனார்கள். பால் காய்ச்சும்போது வளர்மதி போனைத் தூக்கிப் பிடித்தார். செல்வராசு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தார். கோபமாக இருக்கிறாரோ என்று எல்லோரும் தயங்கினோம்.

"தங்கச்சி, மாடித் தொட்டி மூடி காத்தடிச்சாப் பறந்துரும். மேல ஒரு கல்லத் தூக்கி வச்சுக்கங்க" என்றார்.

டிரான்ஸ்பர் மனுவை இருவரும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிரசவ வார்டு இரவிலும் நடக்கிறது. வாய்க்கால் முடிந்த பிறகு இன்னும் சில வீடுகள் திறந்தன. ஒன்றில் பள்ளி ஆசிரியர் குடும்பம், இன்னொன்றில் ஊருக்கே திரும்பி வந்துவிட்ட சொந்தக்காரர். முனையில் ஒரு டிபன் கடை வந்திருக்கிறது. பூட்டியே கிடக்கும் வீடுகளும் உண்டு. எல்லாம் ஒரேயடியாக மாறிவிடவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மன்றத்தில் கேள்வி கேட்டால் நம்மைக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அதிகாரம் இல்லை என்று உடனே பதில் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, சொன்னபடி போய்ப் பாருங்கள்.