மேகத்துக்குத் தூண்டில் போட்டவர்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரை ஊரே 'பவர்' என்றுதான் கூப்பிடும். விடுமுறை வந்தால் தூண்டிலோடு கடற்கரைக்குப் போவார், வெறுங்கையோடு திரும்புவார். அவர் மனைவியின் தம்பி பேருந்து ஓட்டுநர். அவன் எங்கே நின்று வீசினாலும் மீன் மாட்டும். பவருக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் கடைக் கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார். கரையை ஒட்டி, தூண்டில் எட்டும் தூரத்தில் ஒரு கறுப்புத் திட்டு. பாறைதான்! பாறை இருந்தால் மீன் அண்டும். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவரிடம் திரையைத் திருப்பினார்.

"இந்தக் கறுப்புத் தெரியுதா?"

"எனக்கு நீங்களே தெரியலைங்க!"

ஞாயிற்றுக்கிழமை மனைவி, மச்சானோடு போய் இறங்கினார். காலை முழுக்க வீசியும் தூண்டிலின் ஈயக்குண்டு கடலடி மணலில்தான் விழுந்தது. மனைவி கைப்பேசியில் படத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, பக்கத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கே, அது என்ன?"

பவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேகம். கறுப்புத் திட்டு அதன் நிழல்.

மச்சான் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். "மேகத்துக்குத் தூண்டில் போட்ட ஆளு நீங்கதான் மச்சான்!"

பவருக்கு வீம்பு வந்துவிட்டது. அதே கரையை வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்களைத் தேடி ஒப்பிட்டார். இடம் மாறிய கறுப்பையெல்லாம் தள்ளினார். ஒன்று மட்டும் எல்லாப் படத்திலும் அசையாமல் கிடந்தது; அதுதான் நிஜப் பாறை. பக்கத்திலேயே அலை உடையாத ஒரு பட்டை. அங்கே ஆழம் என்று புரிந்தது.

மறுபடி மூவரும் போனார்கள். பவர் வீசிவிட்டு, "இதக் கொஞ்சம் பிடி" என்று தூண்டிலை மனைவியிடம் கொடுத்துத் தேநீர் ஊற்றத் திரும்பினார். கம்பு வில்லாய் வளைந்தது.

"ஐயோ, என்னையும் சேர்த்து இழுக்குது!"

மச்சான் ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முழங்கை நீள மீன் கரையேறியது.

படம் எடுக்கும்போது பவர் மெல்லக் கேட்டார்: "நான் ஒரு தடவ கையில வச்சுக்கட்டுமா?"

"இடம் உங்களுது. மீன் என்னுது" என்றாள் மனைவி.

பவர் தூண்டிலை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். வெயில் சாயும் நேரத்தில் உள்ளங்கை அளவு மீனொன்று மாட்டியது.

மச்சான் கைப்பேசியை நீட்டிப் பிடித்தான். "இன்னும் கிட்டக் கொண்டுவாங்க மச்சான், பெருசாத் தெரியட்டும்!"

பவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கொண்டுவந்தார்.