தூரிட் மறுபடி கேட்கச் சொன்ன கேள்வி

தூரிட் போய்விட்டார்.

காலையில் டி-பான் மெட்ரோ ரயிலில் யாரோ விட்டுப்போன பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்... காலமானார் பக்கத்தில் அவர் பெயர். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி. எழுபத்தொரு வயது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

உச்ச நீதிமன்றத்தில் அவர் எழுதிய பெரிய தீர்ப்புகளைப் பற்றி வக்கீல்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய தூரிட். ஓஸ்லோவின் கீழ்க் கோர்ட்டில் அவர் நீதிபதி, நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அப்போது நான் தொழிலுக்குப் புதுசு.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் கேஸ். ஆபீஸ் க்ளீனிங் வேலை. மேலாளரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டவர். கம்பெனியோ, அவராகவே சந்தோஷமாகத்தான் விட்டுப் போனார் என்றது.

அக்காவிடம் இன்று போனில் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கோ பிள்ளை, என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றார்.

அன்று கோர்ட்டில், மேலாளர் உங்களை எப்படி நடத்தினார் என்று அக்காவின் வக்கீல் கேட்டார்.

"அவர் ஒவ்வொரு நாளும் என்னைப் பேசுறவர்" என்றார் அக்கா, தலையைக் குனிந்துகொண்டு.

நான் நார்வேஜியனில் சொன்னேன்: "அவர் தினமும் என்னோடு பேசுவார்."

நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் பேசுவதுதான். தமிழ் எங்கேயும் தமிழ்தானே என்று நினைத்திருந்த காலம்...

கம்பெனி வக்கீல் முகத்தில் ஒரு சிரிப்பு. "அப்படியானால் நல்ல உறவுதான் இருந்திருக்கிறது" என்று எழுந்தார்.

தூரிட் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மேலாளர் தன்னோடு பேசினார் என்று சொல்லும்போது யாரும் இப்படி அழமாட்டார்கள். மறுபடி கேளுங்கள். அவசரமில்லை."

அப்போதுதான் அக்காவை நிமிர்ந்து பார்த்தேன். கண்ணீர் தாடை வரை இறங்கியிருந்தது. நான் அதுவரை என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அக்கா, பேசுறதுன்னா... எப்படிச் சொல்றீங்க?"

"பேசுறதெண்டா ஏசுறது, பிள்ளை. எல்லாருக்கும் முன்னால மாடு எண்டு கூப்பிடுவார். நான் துடைச்ச இடத்தைச் சப்பாத்துக் காலால மிதிச்சுப்போட்டு, திரும்பத் துடை எண்டுவார்."

"இது என் தவறு. அந்தச் சொல்லுக்கு அவர் ஊரில் திட்டுவது என்று அர்த்தம்" என்று கோர்ட்டிடம் சொன்னேன். பிறகு அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

இடைவேளையில் தூரிட்டிடம் போய், வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அன்றோடு என் வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் வடகோடியில் ஹம்மர்பெஸ்டிலிருந்து இங்கே சட்டம் படிக்க வந்தவள். நான் பேசியதும் நார்வேஜியன்தான், ஆனால் எங்கள் ஊர் நார்வேஜியன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் மூன்று முறை 'என்ன?' என்று கேட்டார். நான்காவது முறை அழுதுவிட்டேன். நீங்கள் தவறை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு திருத்தினீர்கள். எனக்கு அது போதும். உள்ளே வாருங்கள்."

தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. அதில் ஒரு வரி... மொழிபெயர்ப்பாளர் தன் பிழையைத் தாமதிக்காமல் ஒப்புக்கொண்டு சரிசெய்தார் என்று. அடுத்த மாதமே என்னை மறுபடி கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.

கொஞ்ச காலத்தில் அவர் உச்ச நீதிமன்றம் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை குறொன்லாண்டு கடைத்தெருவில், காய்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பழைய மழைக்கோட்டு, கையில் கொத்தமல்லிக் கட்டு. நாட்டின் பெரிய நீதிபதி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

புது இடம் எப்படி என்று கேட்டேன்.

"ரொம்ப அமைதி. அங்கே சாட்சிகள் வருவதே இல்லை. வக்கீல்களும் காகிதங்களும்தான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆட்களை நேரில் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது எனக்கு இன்னும் பழகவில்லை" என்றார்.

இரண்டாம் உலகப் போரில் அவர்கள் ஊரே எரிந்துபோனதாம். திரும்பிப் போய்ப் பல வருஷம் பலகைக் கொட்டகையில்தான் குடும்பமே இருந்ததாம். அம்மாவுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. அந்த வரிசை நகர்வதற்குள் இவ்வளவும் சொன்னார்...

பிறகு அக்காவை விசாரித்தார். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, நன்றாக இருக்கிறார் என்றேன்.

"அங்கே யாரும் அவரை... 'பெஸு' இல்லையே?"

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அக்காவின் 'பேசுறது'தான் அது என்று புரிந்ததும் கடை வாசல் என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எத்தனை கேஸ் பார்த்திருப்பார்... அந்த ஒரு சொல்லை இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார்.

அதுதான் கடைசியாகப் பார்த்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். போகவில்லை.

இன்று போனில் செய்தி சொன்னதும் அடக்கம் எப்போது என்றுதான் அக்கா முதலில் கேட்டார். பிறகு, "வெள்ளிக்கிழமை அடக்கம் எண்டால் நான் லீவு போடுறன். வெள்ளைப் பூ வாங்குவம், என்ன?" என்றார்.

சேர்ந்து போகிறோம்.

தூரிட் என்றே கூப்பிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னீர்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத எங்கள் ஊர் வாய்க்கு உங்கள் முன்னால் அது வரவே இல்லை.

போய் வாருங்கள், தூரிட்.