‘போட்டு வாறன்’ என்ற சொல்லுக்குக் கிடைத்த தீர்ப்பு

மாஸ்ரர், என் அண்ணாவைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் தீர்ப்பில் பாதியை எழுதியவர் நீங்கள். மற்றப் பாதியைச் சுவிஸ் தலைநகர் பேர்னில் இருக்கும் நீதிபதிகள் எழுதினார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக முதலில் இருந்து எழுதுகிறேன். நான் டீட்டிகோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறேன். வந்த புதிதில், வேலை முடிந்து வெளிக்கிடும்போது, என்னோடு வேலை செய்யும் ஃபிரவ் பூர்கியிடம் “இஹ் கேஹே உண்ட் கொமே” என்று சொல்லிவிட்டுப் போவேன். போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்பதை எனக்குத் தெரிந்த ஜேர்மனில் அப்படித்தான் ஆக்கி வைத்திருந்தேன். அந்த மனுசி லைற்றை அணைக்காமல், கதவைப் பூட்டாமல் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஒருநாள் பொறுமை கெட்டு என்னை மறித்துக் கேட்டாள், நீ இப்போது திரும்பி வரப் போகிறாயா, இல்லையா என்று. நாளைக்குத்தான் வருவேன் என்றேன். அப்படியென்றால் ஏன் தினமும் வருகிறேன் என்று பொய் சொல்கிறாய் என்றாள். எங்கள் ஆட்கள் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், செத்த வீட்டில் இருந்து மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் போவார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வேலை முடிந்து போகும்போது அவளும் அதையேதான் சொல்கிறாள். “கேஹே உண்ட் கொமே, மேரி.” அந்தச் சொல்லை ஒரு சுவிஸ்காரிக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது.

அண்ணா மன்னாரில் லொறி திருத்துகிற ஆள். மடு மாதா கோயிலில் அகதியாகக் கிடந்து, மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து ஒளிந்திருந்து, ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, அடிவாங்கி, வெளியே வந்து, ஒரு ஏஜென்ட் மூலம் இங்கே வந்து சேர்ந்தார். இங்கே அகதி வழக்கு முடியாதவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அண்ணா அதை வைத்துப் பகிடி விடுவார். “இந்த நாட்டிலை என்ரை எண்டு சொல்ல இந்த ‘என்’ ஒண்டுதான் இருக்கு, அதையும் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டவேணும்” என்பார். ஒரு ரெஸ்டோரண்டில் சட்டி பானை கழுவினார். பிள்ளைகளின் படத்தைக் குசினிச் சுவரில் ஒட்டினால் எண்ணெய் படியும் என்று சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் சட்டம் மாறினால் ஒலிபெருக்கி கட்டிய ஆமி ஜீப் வரும். எத்தனை மணிக்கு ஊரடங்கு, எந்த ரோட்டால் போகக்கூடாது என்று கொச்சைத் தமிழில் கத்திக்கொண்டு போவார்கள். பயம்தான், ஆனால் சட்டம் இன்னதென்று தெரிந்துவிடும். இந்த நாட்டில் சட்டம் சத்தமில்லாமல் மாறும். எங்கள் வழக்குகளில் முதலில் மாநில அலுவலகத்தில் ஒரு விசாரணை நடக்கும். பிறகு எல்லாமே தபாலில்தான். மேல்முறையீட்டை விசாரிக்கிற நீதிபதியின் முகத்தை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. நேற்று ஒருவருக்குச் சரி என்று சொன்ன அதே காரணத்துக்கு இன்று இன்னொருவருக்குப் பிழை என்று கடிதம் வரும். எங்களுக்கு உதவுகிற ஆலோசனை நிலையத்தில் இருக்கும் ஒரு சுவிஸ் பெண் ஒருமுறை ரெலிபோனில் என்னிடம், “பிராக்சிஸ் மாறிவிட்டது” என்றாள். எனக்குத் தெரிந்த பிராக்சிஸ் டாக்டருடைய இடம்தான். புது விலாசத்தைத் தாருங்கள் என்று பேனையும் எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னாள், டாக்டர் இல்லை, நீதிபதிகள் தீர்ப்புச் சொல்கிற வழக்கம். சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வழக்கம் மாறிவிட்டது என்று. எது மாறியது என்று நான் கேட்பதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

அதனால்தான் நாங்கள் மாஸ்ரரை நம்பினோம். இவர் ஊரில் படிப்பித்தவர். எங்களுக்கு முதலே வந்து, ஜேர்மன் படித்து, விசாரணைகளில் மொழிபெயர்க்கிறவர். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று சொல்வார். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளுக்குள் பதில் போட வேண்டும், எப்போது வேலை செய்யலாம், எல்லாம் சொல்வார். ஷாஃப்ஹவுசனில் இருந்துகூட ஆட்கள் ரெயில் ஏறி வருவார்கள். நான் ஒரு ஞாயிறும் விட்டதில்லை. அண்ணாவுக்கு விசாரணைக்கு அழைப்பு வந்த பிறகு, அந்த மண்டபத்தில் அவர் எழும்பிக் கேட்டார்.

“மாஸ்ரர், கொழும்பைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுறது?”

“உள்ளதைச் சொல்லுங்கோ. கொழும்பு விசயத்திலை ஒண்டும் மாறேல்லை” என்றீர்கள்.

“அப்ப கொழும்பைப் பற்றிப் பெரிசா யோசிக்கத் தேவையில்லையோ?”

“என்னத்துக்கு? நீங்கள் மன்னார் ஆள். அவை மன்னாரைப் பற்றித்தான் கேப்பினம்.”

அந்த நேரம் விசாரணை அறைகளில் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொழும்பில் யார் இருக்கிறார், எந்த அறை, யார் வீட்டுக்காரர், திரும்பிப் போனால் இடம் தருவார்களா. மாறிய வழக்கம் அதுதான். வடக்கில் இருக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் கொழும்பில் இருக்கலாமே என்பார்கள். மாஸ்ரர், அந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்ட வாய் உங்களுடைய வாய். வாரநாளில் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் மாறவில்லை என்றீர்கள்.

விசாரணை முடிந்து அண்ணா சந்தோசமாக வந்தார். “எங்கடை மாஸ்ரர்தான் இருந்தவர். தெரியாத ஆள் மாதிரி முகத்தை வைச்சிருந்தவர், அது சட்டமாம். ஆனா ஒவ்வொரு பக்கமா வாசிச்சுக் காட்டினவர். ஒரு பிழை இல்லை. எல்லாத்திலையும் கையெழுத்து வைச்சிட்டன்” என்றார். அன்று கோழி வாங்கிக் கறி வைத்தோம்.

நிராகரிப்பு வந்தது. மேல்முறையீடு செய்தோம். அதுவும் நிராகரிப்பு. ஆலோசனை நிலையத்தில் அந்தச் சுவிஸ் பெண் தீர்ப்பை எனக்கு மெதுவாக வாசித்தாள். ஓரிடத்தில் நின்று, “உங்கள் சகோதரர் ஏன் இதைச் சொன்னார்?” என்று கேட்டாள். கொழும்பை விட்டு வெளிக்கிடும்போது வீட்டுக்காரப் பெண்ணிடம் என்ன சொன்னீர் என்று கேட்டதற்கு, ‘நான் போய்த் திரும்பி வருவேன்’ என்று சொன்னதாக அண்ணா பதில் சொல்லியிருக்கிறார். ஆகவே கொழும்பில் அவருக்கு அறை இருக்கிறது, திரும்பி வரும் எண்ணமும் இருந்திருக்கிறது, பயந்து ஓடிய ஆள் இப்படிச் சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்தது.

போட்டு வாறன் அக்கா. அவ்வளவுதான் அண்ணா சொன்னது. விமான நிலையத்துக்கு வான் வந்து நிற்கும்போது, சோறு போட்ட மனுசியிடம் வேறு என்னத்தைச் சொல்வது? தூக்கு மேடைக்குப் போகிறவனும் எங்கள் பாசையில் அதைத்தானே சொல்லிவிட்டுப் போவான்.

எனக்கு வயிறு எரிகிற இடம் எது என்றால், அந்தப் பிழையைப் பிடிக்க வழியே இல்லாமல் போனதுதான். ஜேர்மனில் திரும்பி வருவேன் என்று எழுதப்பட்டதை, மாஸ்ரர் அண்ணாவுக்கு வாசித்துக் காட்டும்போது மறுபடி ‘போட்டு வாறன்’ என்றே வாசித்திருக்கிறார். தமிழில் கேட்டால் எல்லாம் சரி. அண்ணா தலையாட்டிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் சலவை அறையில் துணி மடித்துக்கொண்டே இதை ஃபிரவ் பூர்கியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த துவாயை வைத்துவிட்டு யோசித்தாள். “விசாரணை முடிந்ததும் அந்த அதிகாரி உன் அண்ணாவிடம் என்ன சொல்லியிருப்பான்? ‘ஊஃப் வீடர்லுவேகே’ என்றுதானே?” என்றாள். இங்கே கடையிலும் பஸ்சிலும் எல்லோரும் பிரியும்போது சொல்கிற சொல் அது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், திரும்பவும் காண்போம் என்று வரும். வீட்டுக்கு வந்து அண்ணாவிடம் கேட்டேன். அதிகாரி அதைத்தான் சொல்லியிருக்கிறான். மாஸ்ரர் அதைத் தமிழில் எப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

“‘சரி, நீங்கள் போகலாம்’ எண்டவர்.”

பார்த்தீர்களா? அதிகாரி சொன்னதற்குக் கருத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு, அகதி சொன்னதற்கு மட்டும் எழுத்தை எண்ணத் தெரிந்திருக்கிறது.

பூசை முடிந்து மாஸ்ரர் ரெயிலுக்குப் போகும்போது டீட்டிகோன் ஸ்ரேசனில் பிடித்தேன். நான் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு உதவிதான் கேட்டேன். அது எங்கள் பாசையில் விடைபெறுகிற சொல், வாக்குறுதி இல்லை என்று பேர்னுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். அதை வைத்துத் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று ஆலோசனை நிலையத்தில் சொல்கிறார்கள். நேரம் அதிகம் இல்லை, அண்ணா நாட்டை விட்டுப் போக நாள் குறித்துவிட்டார்கள்.

“தங்கச்சி, ஆக்கள் சொன்னதைச் சொன்னபடி நான் மாத்தவேணும். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. அதுதான் என்ரை வேலை” என்றார்.

“அதிகாரி சொன்னதைக் குறைச்சனீங்கள் தானே?”

“அது சும்மா ஒரு சொல்லு.”

“இதுவும் சும்மா ஒரு சொல்லுதான், மாஸ்ரர். நீங்கள் காலமை வெளிக்கிடேக்கை மனிசியிட்டை என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?”

“போட்டு வா...” என்று தொடங்கி நிறுத்தினார். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “உமக்கு எழுதித் தந்தால் நாளைக்கு எல்லாரும் வருவினம். நான் இருந்த எல்லா விசாரணையையும் கிண்டுவினம். என்னை நிப்பாட்டிப் போடுவினம். எனக்கும் பிள்ளையள் இருக்குது.”

“அப்ப கொழும்பு விசயத்தை ஏன் மறைச்சனீங்கள்?”

“உள்ளுக்கை நடக்கிறதை வெளியிலை கதைக்கக்கூடாது. கையெழுத்து வைச்சிருக்கிறன்.”

ரெயில் வந்தது. ஏறிவிட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். உள்ளே கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது சட்டம்தான். வேலை போனால் கஷ்டம் என்பதும் எனக்கு விளங்கும். ஆனால் வாயைக் கட்டிப்போட்ட நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் மைக்கைப் பிடித்தீர்கள்? எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் வேறு யாரிடமாவது கேட்டிருப்போம். ஒன்றும் மாறவில்லை என்றீர்கள். நாங்கள் கைதட்டினோம். உங்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் எடுத்துக்கொண்டு வந்தது நான்தான்.

அண்ணா இப்போது பகிடி விடுவதில்லை. காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது கதவடியில் கொஞ்சம் நிற்பார். போறன் என்று சொல்ல நாக்கு வராது. போட்டு வாறன் என்று சொல்லவும் பயம், யாரோ எழுதி வைத்துவிடுவார்கள் போல. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படி இறங்குகிறார். செத்த வீட்டில் இருந்து போகிற மாதிரி. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போனால், அங்கே ஒரு சுவிஸ்காரி பின்னேரம் கையசைத்து “கேஹே உண்ட் கொமே” என்கிறாள். எங்களுடைய சொல்லை இந்த நாட்டில் பயமில்லாமல் சொல்வதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம்.

மாஸ்ரர் இருந்த விசாரணையில் பேசியவர்களே, உங்கள் விசாரணைத் தாள்களை வேறொருவரிடம் கொடுத்து ஜேர்மனில் இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் வாயால் வராத எத்தனை வாக்குறுதிகள் அதில் இருக்கின்றன என்று பாருங்கள்.

மாஸ்ரர், ஸ்ரேசனில் குரலைத் தாழ்த்திச் சொன்ன பதில் எனக்கு வேண்டாம். வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும், அதே மண்டபத்தில் அதே மைக்கைப் பிடியுங்கள். என் அண்ணா முன் வரிசையில் இருப்பார். எல்லோருக்கும் கேட்கத் தமிழில் ஒருமுறை, பிறகு பேர்னுக்கு அனுப்பக்கூடியதாக ஜேர்மனில் ஒருமுறை சொல்லுங்கள்: போட்டு வாறன் என்றால் என்ன?