தோளுயரப் பருத்தி

சேந்தமங்கலம் ரோட்டில் போகிறவர்கள் ராசாத்தியின் பருத்தியைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். தோளுயரம், கருகருவென்று பச்சை. "என்னத்தப் போட்டு வளத்துனீங்க?" என்று கேட்டார்கள். ஆனால் உள்ளே வெயிலே இறங்கவில்லை. காயாக வேண்டிய மொட்டுகள் மஞ்சளாகி மண்ணில் உதிர்ந்து கிடந்தன.

நிலம் காட்டுக்காரர் மருதாசலத்தினுடையது. ராசாத்தியும் புருஷன் சடையனும் குத்தகைக்குப் பாடுபட்டார்கள். இந்தப் போகம் விளைச்சல் காட்டாவிட்டால் கோழிப்பண்ணை ஷெட் போடக் கொடுத்துவிடுவதாக அவர் ஆடியிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில்தான் அவளுக்குக் கை தாராளமாகிப்போனது. செடி கூடினால் காய் கூடும் என்று சாலுக்குச் சால் நெருக்கி ஊன்றினாள். ஒரு குழியில் இரண்டு முளைத்தபோது ஒன்றைப் பிடுங்க மனம் வரவில்லை. பக்கத்துப் பண்ணையில் கோழி எருவைச் சும்மா அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். டிராக்டர் டிராக்டராக இறைத்தாள். அது போதாதென்று யூரியா வேறு.

"தின்னுபோட்டுச் சும்மா நிக்குது, மாப்பிள்ளையாட்டம்," என்றான் சடையன்.

"ஒண்ணு உட்டு ஒரு சாலு அறுத்துரலாங்க மாமா. வெளிச்சம் பட்டா மிச்சமாச்சும் காய் புடிக்கும்."

"காட்டுக்காரரு நாளைக்கு வாராரு புள்ள. ரோட்டுல நின்னு பாத்துட்டு, நல்லாருக்குதுன்னு போயிருவாரு. உள்ள பூந்து மொட்டயா தேடப்போறாரு?"

"நாளைக்கு நல்லாருக்குதும்பாரு. தையில, மூட்டை எங்கடீம்பாரு."

"அப்ப ரோட்டோரத்த மட்டும் உட்டுட்டு அறு."

ராசாத்தி விடிந்ததும் அரிவாளோடு இறங்கினாள். ரோட்டோரச் சால்களை விட்டுவிட்டுத்தான் தொடங்கினாள். ஆனால் அறுத்த செடியைப் போட வேறு இடமில்லை. வெயில் ஏறுவதற்குள் ரோட்டோரம் பச்சைப் போராகக் குவிந்துவிட்டது.

மருதாசலத்தின் வண்டி அந்தப் போருக்கு முன்னால் வந்து நின்றது.

"ஏஞ் சாமி, பொன்னாட்டம் இருந்த செடிய இப்படி அறுத்துப் போட்டிருக்கற?"

மாடு மேய்ந்தது, பூச்சி விழுந்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ராசாத்தி நின்ற செடிகளை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தாள்.

"உள்ள பாருங்க. எரு மிஞ்சிப்போச்சுங்க, நெருக்கியும் நட்டுட்டனுங்க. அத்தனையும் தழையாப் போச்சு."

வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதுல எவ்வளவு தேறும்?"

"தெரியலைங்க."

அவர் வண்டியைத் திருப்பினார். ஷெட் பேச்சை எடுக்கவில்லை. குத்தகைப் பேச்சையும் எடுக்கவில்லை. வண்டிச் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, ராசாத்தி ரோட்டோரச் சால்களிலும் ஒன்று விட்டு ஒன்றை அறுக்கத் தொடங்கினாள்.