வானுக்கு அடியில் ஒரு மட்டை

மே மாதத்தில் ஒரு நாள் காலையில் வெளியே வந்தால், தரிப்பிடத்தில் நின்ற என் வானுக்கு அடியில் ஒரு காட்போட் மட்டை விரித்திருந்தது. நான் வைக்கவில்லை, மனைவி றெஜினாவும் வைக்கவில்லை. பின்சில்லுகளுக்கு நடுவே, யாரோ குனிந்து பார்த்து வைத்ததுபோலச் சரியாக இருந்தது. அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. ஊரில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டி, "உன்ர வான் ஒழுகுதடா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பார். இங்கே நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில், மட்டை வைக்கிறார்கள். வைத்தவர் எங்கள் அயலவர் பெரித் என்பது பின்னேரம்தான் தெரிந்தது. "தார் புதிதாகப் போட்டது, அதுதான்" என்று சிரித்தபடி சொன்னார். நோர்வேக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னால் அது பகிடியா முறைப்பாடா என்று இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடுவதில்லை. முறைப்பாடு என்றே எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவரோ ஏன் மன்னிப்பு என்று விளங்காமல் விழித்தார்.

நானும் றெஜினாவும் கொண்டாட்டங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். அதற்கு முன் ஒஸ்லோவில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். முதுகு முறிகிற வேலை. இந்தப் பழைய பெரிய டீசல் வானை வாங்கித்தான் அதிலிருந்து தப்பினேன். பழைய வானுக்கு வராத வருத்தம் இல்லை. பனிக்கால வீதிகளுக்குப் போடும் உப்பு அடித்தகட்டைத் தின்னும். பக்கக் கதவின் உருளைகள் தேய்ந்து, திறப்பதே ஒரு மல்யுத்தமாகும். சில்லுப் பெயரிங் முனகும். நகரத்துக்குள்ளேயே நின்று நின்று ஓடுவதால் புகைவடிகட்டி அடைபடும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்திச் சமாளித்துவிட்டேன். ஆனால் எண்ணெய் வெள்ளையாக வடிந்தது இதுவே முதல் தடவை. எண்ணெய்க்குள் தண்ணீர் புகுந்தால் வெள்ளையாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்அச்சுக்குள் அப்படி நடந்திருந்தால் பற்சில்லுகள் போய்விட்டன என்று அர்த்தம். அதைத் திருத்தும் செலவுக்கு இன்னொரு பழைய வானே வாங்கலாம்.

அந்தக் கிழமை பார்த்து ஈ.யூ. கொன்ட்ரோலும் வந்தது. வாகனம் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை அது. நான் வழக்கம்போலக் கடைசி நாளுக்கு இழுத்துவிட்டிருந்தேன். தவறினால் வானைத் தெருவில் இறக்க முடியாது. சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோமில் தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கும் ஒரு பிள்ளையின் விருந்துக்குச் சாப்பாடு கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தோம்.

"இஞ்சேருங்கோ, வான் இல்லாட்டி சாப்பாட்டைத் தலையிலயே கொண்டு போறது?" என்றாள் றெஜினா.

"பொறும், முதல் காட்டிப் பாப்பம்."

"வான் போச்செண்டால் திரும்பவும் மொப்பைத் தூக்கப் போறியளோ? உங்கட முதுகு தாங்காதப்பா." கோபமாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது அவள் கை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில் என் சித்தப்பா ஒரு வான் வைத்திருந்தார். போரால் பெற்றோல் இல்லாத காலத்தில் அது மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. எது உடைந்தாலும் கராச்சில் தட்டி, நெளித்து, வேறொரு வாகனத்தின் சாமானைப் பொருத்தி ஓட வைத்துவிடுவார்கள். அங்கே சாமானுக்குத்தான் தட்டுப்பாடு, வேலை செய்யும் கைகளுக்கு இல்லை. இங்கே எந்தச் சாமானும் இரண்டொரு நாளில் வந்துவிடும். அதைப் பூட்டுகிறவரின் மணித்தியாலக் கூலிதான் நெஞ்சை அடைக்கும். ஆகவே திருத்தக்கூடிய வானையும் இங்கே கணக்குப் பார்த்து உடைக்க அனுப்பிவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை, வழியெல்லாம் புனித அந்தோனியாரைக் கூப்பிட்டு வேண்டிக்கொண்டு கராச்சுக்குப் போனேன். மெக்கானிக் ஸ்தைனார் அதிகம் கதைக்காத மனிதர். வானை உயர்த்தி, அடியில் நின்று வெள்ளையை விரலால் வழித்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"தேங்காயா?" என்று கேட்டார்.

வானுக்குள் இருந்து வரும் சாப்பாட்டு வாசனையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். மனிதருக்குப் பசிபோலும். "இன்றைக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்" என்றேன். அவர் அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எனக்கு மே மாதத்தில் மூக்கு வேலை செய்யாது. பியோர்க் மரத்தின் பூந்தூள் ஒத்துக்கொள்வதில்லை. ஊரில் இல்லாத இந்த வருத்தம் நோர்வே எனக்குத் தந்தது. விரலை என் கையில் தேய்த்தார். உள்ளங்கைச் சூட்டில் அது உருகி ஓடியது.

தேங்காயெண்ணெய்!

பின்தளத்துப் பலகையைக் கழற்றினோம். அடியில் வெள்ளைப் பாளமாக உறைந்து கிடந்தது. நத்தார்ப் பண்டிகை நேரம் வானுக்குள் தேங்காயெண்ணெய்ப் பிளாஸ்டிக் கான் வெறுமையாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. நான் முடித்தேன் என்று றெஜினாவும், அவள் முடித்தாள் என்று நானும் இருந்துவிட்டோம். சூடான சோற்றுச்சட்டி கானின் மேல் சாய்ந்து எண்ணெயை உருக்கி, அது மூடி வழியே கசிந்து பலகைக்குக் கீழே ஓடியிருக்கிறது. குளிர் முழுவதும் கல்லாகக் கிடந்தது, மே வெயில் பட்டதும் பகலில் உருகி வடிந்து இரவில் உறைந்திருக்கிறது. சமையலறைப் போத்தலில் அது கட்டியாக இருப்பதைத் தினமும் பார்ப்பவன் நான். வானுக்கு அடியில் கண்டதும் எனக்குப் பின்அச்சைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணீரும் வந்தது. ஸ்தைனார் அதையும் பூந்தூள் என்று நினைத்திருப்பார்.

வான் சோதனையில் தேறியது. உடனே வீட்டுக்கு அழைத்துச் சொன்னேன்.

"என்ர மாதாவே!" என்றாள் றெஜினா. பிறகு, "பின்ன ஏன் அங்கை நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறியள்? வெங்காயம் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

சனிக்கிழமை விருந்து முடிந்து, ஸ்தைனாருக்கும் ஒரு பொதி கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல வெயில். தரிப்பிடத்தில் பெரித் நின்றார். வானின் பின்கதவைத் திறந்து அவருக்கு முழுக்கதையையும் சொன்னேன். அவர் தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்து, "ஸீடன்!" என்றார். குளிரிலிருந்து தப்பி இவர்கள் விடுமுறைக்குப் போகும் வெயில் கடற்கரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் பெயர். அங்கே உடம்பில் பூசும் களிம்பின் மணமாம். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாத்திரை போட்டிருந்ததால் எனக்கும் அன்று மூக்குத் திறந்திருந்தது. நானும் கண்ணை மூடினேன். ஊரில் ஞாயிற்றுப் பூசையில் எனக்கு முன்னால் வரிசை வரிசையாக எண்ணெய் வைத்து வாரிய தலைகள். கண்ணைத் திறந்தபோது இருவரும் லோறென்ஸ்கூக்கின் புதுத் தார் மேல்தான் நின்றோம்.

"அப்படியானால் மட்டையை எடுத்துவிடலாமா?" என்று குனிந்தார் பெரித்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். "கை எட்டாத மூலையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வெயில் வந்தால் வடியும்."