கோதுமைக்கு வைத்த காற்று

வெளிநாட்டு வேலைகள் நின்றுபோய், மாதாப்பூர் சாஃப்ட்வேர் அலுவலகத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய வருடம் அது. நானும் அதில் ஒருத்தி. மூன்று மாதம் சும்மா இருந்த பிறகு மௌலா அலியில், நெல் அறுக்கும் இயந்திரம் விற்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. நான் படித்தது மெக்கானிக்கல்தான். ஆனாலும், மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்த அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் தமிழில் எங்கள் ஊர் உருது கலந்திருக்கும்; 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"சாஃப்ட்வேர்ல இருந்த பொண்ணு வயல்ல கைக்கு நிக்கணும்? நக்கோம்மா."

"ஒரு சீசன் பார்க்கிறேன்ப்பா" என்றேன்.

மேட்சலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் முதல் செயல்விளக்கம். அந்த ஊருக்கு இயந்திரம் வருவது அதுதான் முதல் தடவை. பெண்கள் பத்துப் பேர் அரிவாளோடு வரப்பில் நின்றிருந்தார்கள். அவர்கள் நான்கு நாள் அறுக்கும் வயல் மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று விவசாயியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தது நான்தான்.

வண்டி திரும்ப இடம் வேண்டும். அதற்கு நாலு மூலைகளையும் முதலில் கையால் அறுக்க வேண்டும். அந்தப் பெண்களிடம் அதைக் கேட்கக் கூசியது. கேட்டேன். அறுத்துக் கொடுத்தார்கள்.

வண்டி ஒரு சுற்று போனதும், நாற்பது வயதிருக்கும் ஒருத்தி பின்னால் விழுந்த வைக்கோலை அள்ளி முந்தானையில் உதறினாள். முற்றிய நெல் உதிர்ந்தது. தெலுங்கில் சொன்னாள்: "மேடம், உங்க மிஷின் பதரோட நெல்லையும் வீசுது. நாங்க இப்படிச் சிந்தினா நாளைக்குக் கூப்பிடுவாங்களா?"

வண்டியோடு பஞ்சாபிலிருந்து வந்த ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். "கோதுமைக்கு வெச்ச காத்து. நெல்லுக்கு ஜாஸ்தி" என்று இந்தியில் ஒப்புக்கொண்டு பதரை ஊதித் தள்ளும் விசிறியின் வேகத்தைக் குறைத்தார். அவள் மறுபடி உதறினாள். "இன்னும் போகுது." மூன்றாவது தடவைதான் தலையசைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே எங்களுக்கு என்ன வேலை மேடம்?"

அந்தப் பருவத்தில் அவர்களில் பலர், மாதாப்பூரில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்குச் சிமென்ட் சுமக்க லாரி ஏறினார்கள். நான் விட்டு வந்த இடத்துக்கு அவர்கள் போனார்கள் என்பது எனக்கு உறுத்தியது.

முதலாளியிடம் போய் நின்றேன். "ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் சிந்தும் நெல்லைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நமக்குத் தெரியாததை அந்த அக்கா ஒரே சுற்றில் கண்டுபிடித்தார்." யோசித்தார். பிறகு அவளையும் இன்னும் இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தார். எல்லோருக்கும் இடம் கிடைத்ததாகச் சொன்னால் அது பொய்.

மூன்றாம் வருடம், "நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று அவள் கேட்டாள். ஓட்டுநர் சிரிக்கவில்லை. இருக்கையை விட்டு இறங்கி, கைகொடுத்து ஏற்றினார். முதல் வரிசை பாம்பு போல வளைந்தது. வரப்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியை வளைத்து அடுத்த வரிசைக்குக் கொண்டுபோனாள். அது நேராக வந்தது.